வீட்டுக்காரர் குடியிருந்த வண்டிக் கொட்டாய்

நம் கூட்டத்தில் யாராவது ஒருத்தி வாடகைக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டால் போதும், பூங்காவில் விளக்குப் போடுகிறவரைக்கும் அது ஓயாது. ஒருத்தி வீட்டு மாடிக்காரன் சுவரெல்லாம் ஆணி அடித்துவிட்டான். இன்னொருத்திக்கு மோட்டார் போடுவதில் தினமும் சண்டை. போன வாரம் என்னைப் பார்த்து, “நீங்க மட்டும் என்னங்க, வாயைத் தொறக்காம சிரிச்சுக்கிட்டே இருக்கறீங்க?” என்று கேட்டீர்களே, சிரிக்காமல் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நீங்கள் சொந்த வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு வாடகைக்காரரைத் திட்டுகிறவர்கள். நாங்கள் வாடகைக்காரரை வீட்டில் விட்டுவிட்டு வண்டிக் கொட்டாயில் குடியிருந்த வீட்டுக்காரர்கள். முதலில் இதைக் கேளுங்கள், அப்புறம் உங்கள் ஆணிக் கதையைச் சொல்லலாம்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். சிறுவாணித் தண்ணீர் கோயமுத்தூர்த் தெருக் குழாய்களில் வர ஆரம்பித்திருந்த காலம். பொள்ளாச்சிப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு காடு இருந்தது. மழையை நம்பிய காடு. கிணறு வற்றி, நிலக்கடலையும் காய்ந்துபோன ஒரு வருசத்தில் அப்பாவுக்கு வெறுத்துவிட்டது. கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில் எழும்பிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்த சனத்துக்குத் தங்க இடமில்லை. அப்பா காட்டை விற்று அங்கே வீடு வாங்குவது என்று முடிவு கட்டினார். “மானம் பேஞ்சாலும் வாடகை வரும், பேயாட்டியும் வரும் அம்மணி” என்று என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். பெரிய சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் போல முகமெல்லாம் சிரிப்பு.

அவர் வாங்கியது ஒரு வளவு. ஒரே வெளிக்கதவு, உள்ளே நீளமான வாசல், ஒரு பக்கமாக மூன்று வீடுகள், கோடியில் ஒரு வண்டிக் கொட்டாய். முதல் வீட்டில் தையல்கார பாய். நடு வீட்டில் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டும் ஒற்றை அறைப் பொந்துகள். மூன்றாவது வீடு மட்டும் பெரியது. அதில் ஒரு மில் மேஸ்திரியும் அவர் பெண்சாதியும் குடியிருந்தார்கள். அந்த வீட்டைத்தான் எங்களுக்குக் காலி செய்து தருவார்கள் என்று தரகர் அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு அந்த வீட்டின் சமையல்கட்டு ஒன்றுதான் கணக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூட்டுக் குடும்பத்தில் பெரியம்மாவின் கண்ணுக்குக் கீழே சமைத்தவள். உப்பு எடுக்கக்கூடப் பெரியம்மாவைக் கேட்க வேண்டும். அப்பா ஒவ்வொரு தடவை வீடு பார்த்துவிட்டு வரும்போதும் அம்மா அந்தச் சமையல்கட்டைப் பற்றியே கேட்பாள். புகை போகக் கூண்டு உண்டா, அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அம்மி உள்ளேயா வெளியேயா என்று. அப்பா கையை விரித்து அளந்து காட்டுவார். பொள்ளாச்சிச் சந்தையில் அம்மா ஒரு புதுப் பித்தளைப் போசி வாங்கினாள். புது வீட்டில் பால் காய்ச்ச. அதை மஞ்சள் துணியில் கட்டி, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள்.

இப்போது அப்பா செய்த காரியத்தைக் கேளுங்கள். வீடு பார்க்கப் போனபோதெல்லாம் அந்த மூன்றாவது வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்! வந்தவரை வாசலில் நிற்க வைத்துப் பேசுகிற பழக்கம் நம் ஊரில் ஏது? மேஸ்திரி “உள்ள வாங்க” என்றிருக்கிறார், அந்தப் பெண் இலை போட்டிருக்கிறாள். அடுத்த தடவை அப்பா சும்மா போகலாமா? ஒரு பை நிலக்கடலையும் அச்சு வெல்லமும் கொண்டுபோனார். அதற்கடுத்த தடவை அவர்கள் கோழி அடித்தார்கள். சாப்பிட்ட வீட்டில் கையைக் கழுவிவிட்டு, “எப்ப காலி பண்ணறீங்க?” என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. அதைத் தரகர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார். மேஸ்திரி என்ன நினைத்தார் தெரியுமா? வெல்லமும் கடலையும் கொண்டுவருகிற மனுசர் நம்மைக் காலி செய்யச் சொல்வாரா, நல்ல வீட்டுக்காரர் கிடைத்தார் என்று அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்து எங்களைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியது.

ஆனி மாசக் கடைசியில், ஆடி பிறக்கும் முன் குடி போய்விட வேண்டும் என்று, பாத்திரம் பண்டம், கட்டில், உரல், கோழிக்கூடை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினோம். மூன்றாவது வீட்டின் கதவு திறந்தே இருந்தது. மேஸ்திரி ஓடி வந்து, “வாங்க வாங்க, வெய்யில்ல வந்திருக்கறீங்க” என்று விருந்துக்கு வந்த ஒறம்பரையை அழைப்பது மாதிரி அழைத்துப் பாய் விரித்தார். எல்லாரும் சாப்பிட்டோம். வீட்டுக்குள் ஒரு சாமான்கூட நகர்ந்திருக்கவில்லை. அம்மா சாப்பிடும்போதே எட்டி எட்டிச் சமையல்கட்டைப் பார்த்தாள். அப்பாவின் விலாவில் இடித்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். “அப்பறம்... உங்க சௌகரியமெல்லாம் எப்படீங்க?”

“உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க” என்றார் மேஸ்திரி.

அவ்வளவுதான் பேச்சு. தரகரைத் தேடினால் ஆள் மேட்டுப்பாளையம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பொழுதும் சாய்ந்துவிட்டது. “இன்னிக்கு ஒரு நாளைக்குக் கொட்டாய்ல எறக்கிக்கலாம்” என்றார் அப்பா. அம்மா மஞ்சள் துணி மூட்டையைக் கொட்டாயின் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டாள். “எஞ்சமையல்கட்டுல கால் வெச்சாத்தான் இதை அவுப்பேன். அது வரைக்கும் பாலுங் காச்ச மாட்டேன், ஒண்ணுங் காச்ச மாட்டேன்” என்றாள்.

ஆடி பிறந்தது. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? சரி, ஆவணி வரட்டும் என்று பொறுத்தோம். நாங்கள் கொட்டாயில் இறங்கியதைப் பார்த்துத்தான் மேஸ்திரிக்கு விசயம் புரிந்தது. ஆடி முடிகிற சமயத்தில் அவர் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார். அவர் பெண்சாதி மாசமாக இருக்கிறாள். தலைப்பிள்ளை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். மாசமாக இருக்கிறவளை வீடு மாற்றக் கூடாது என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அம்மா உறுமினாள். ஆனால் சட்டத்தைச் சொன்னதும் அவள்தான். “வயித்துப் புள்ளக்காரியை ஊடு மாத்தச் சொன்னா எந்நாக்கு அழுகிப்போகும். இருக்கட்டும் போங்க.” சொன்னாளே தவிர, அந்தப் பெண்ணுடன் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த அக்காவும் எங்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். திமிர் என்று அம்மா சொல்வாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வண்டிக் கொட்டாயில் குடியிருந்ததுண்டா நீங்கள்? தரையை எத்தனை தடவை மெழுகினாலும் வண்டி மையின் வாசனை போகாது. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் கோணிப் படுதா. நாங்கள் உள்ளே இருந்ததால் வண்டி வெளியே வெய்யிலில் காய்ந்தது. அப்பா ஸ்டேசனிலிருந்து மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிப் பிழைப்பைப் பார்த்தார். சாயந்திரம் வந்ததும் எங்களைப் பார்க்கிறாரோ இல்லையோ, சக்கரத்தைத் தடவிப் பார்ப்பார். எனக்கென்னவோ கொட்டாய் பிடித்திருந்தது. மாடுகள் அசைபோடுகிற சத்தத்தில் நன்றாகத் தூக்கம் வரும். பள்ளிக்கூடத்தில் மட்டும் என்னை ‘கொட்டாய்க்காரி’ என்று கூப்பிட்டார்கள். “மூணு ஊடு எங்களுதுதான் தெரியுமா” என்று நான் கத்துவேன். ஒருத்தியும் நம்பவில்லை.

வீட்டுக்காரர் என்ற பட்டத்தினால் அப்பாவுக்குக் கிடைத்ததெல்லாம் வேலைதான். வாத்தியார் வந்து, மாட்டுக் கழுத்து மணிச் சத்தத்தில் பாடம் படிக்க முடியவில்லை என்றார். அப்பா மணிகளைக் கழற்றி வைத்தார். மணி இல்லாமல் மாடுகள் இரண்டு நாள் சரியாகத் தீனி தின்னவில்லை. பாய் வந்து, “அண்ணா, மழை வந்தா மிசின் நனைஞ்சு போகுமுங்க” என்றார். அப்பா ஓடு வாங்கிவந்து தானே கூரை மேல் ஏறி மாற்றினார். கொட்டாய்க் கூரை ஓட்டை வழியாக நான் படுத்தபடியே வானத்தைப் பார்ப்பேன். “நம்முளுக்கு எப்பங்க ஓடு மாத்தறது?” என்று அம்மா கேட்டால், “நாம என்ன வாடகையா குடுக்கறோம்?” என்பார். அம்மாவுக்கு வருகிற கோபத்தில் கரண்டி பறக்கும்.

மேஸ்திரி மேல் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “கெட்டிக்காரன். பொண்டாட்டியைச் சாக்கு வெச்சே ஊட்டைப் புடிச்சுக்கிட்டான்” என்று சொல்வார். மேஸ்திரி மில் விடுமுறை நாளில் காலையில் கிளம்பி, பொழுதோடு புழுதிக் காலும் வாடிய முகமுமாகத் திரும்புவார். சூதாடப் போகிறான் என்று அப்பா தீர்மானித்திருந்தார். உண்மையில் மேஸ்திரி வீடு தேடி அலைந்திருக்கிறார். ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறார். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் புதிதாகக் குடி வைக்க மாட்டோம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. அந்த மனுசர் வரும் வழியில் எனக்குக் கழிவுப் பஞ்சு பொறுக்கி வந்து கொடுப்பார். என் தலையணை அந்தப் பஞ்சுதான்.

வாத்தியார்தான் வழி சொன்னார். “ஏனுங்க கவலைப்படறீங்க? தலைப்பிரசவம் தாயூட்டுலதானே? கட்டுச்சோறு கட்டி அந்தப் புள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. தாயூட்டுக்குப் போறது ஊடு மாத்தறதுல சேராது. அப்பறம் மேஸ்திரி ஒண்டி ஆளு, எங்க வேணும்னாலும் படுத்துக்குவாரு.”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தாய் வீட்டார் பலவகைச் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு வந்து, விருந்து வைத்து, பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துப் போகும் சடங்கு நமக்குத் தெரிந்ததுதான். புரட்டாசி வந்தது. அம்மா போசியை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, மறுபடியும் கட்டித் தொங்கவிட்டாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டாலே, “சென்னிமலைக்காரங்க வந்துட்டாங்களா பாரு கண்ணு” என்று என்னை விரட்டுவாள். அந்த அக்காவுக்குச் சென்னிமலைப் பக்கம். ஐப்பசியும் வந்தது, மழையும் வந்தது. சென்னிமலையிலிருந்து ஒரு ஈ காக்காய் வரவில்லை.

ஒரு நாள் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று மூன்றாவது வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். சமையல்கட்டில் அந்த அக்கா அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட முடியாமல் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“ஏனம்மிணி, உங்க ஊட்டாளுக எப்ப வாராங்க?” என்றாள் அம்மா. குரலில் கண்டிப்பு.

அக்கா கரண்டியையே பார்த்தாள். “யாரும் வரமாட்டாங்கக்கா. எங்கம்மா நான் நடக்கப் பழகறதுக்கு முந்தியே போயிட்டாங்க. அப்பன் போயும் வருசமாச்சு. அண்ணன் ஒருத்தன், எங்கிருக்கறான்னே தெரியாது. போறதுக்கு எனக்கு ஊடே இல்லீங்க. கேட்டீங்கன்னா என்ன சொல்றதுன்னுதான் கதவைச் சாத்திக்கறது.”

அம்மா சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்தாள். அத்தனை நாள் கனவு கண்ட சமையல்கட்டு. பிறகு அக்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, கொதித்துக்கொண்டிருந்த பருப்பைக் கிளறிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று சொன்னாள். அந்த வீட்டில்தான் புகைக்கூண்டு இருந்ததே.

அன்று சாயந்திரம் அப்பா வண்டியை அவிழ்க்கும்போதே சொல்லிவிட்டாள். “ஏனுங்க, வார வெள்ளிக்கெழமை கட்டுச்சோறு ஆக்கோணும்.”

“யாருக்கு?”

“எம்பொண்ணுக்கு. மேஸ்திரி ஊட்டுல இருக்கறவளுக்கு.”

“கட்டுச்சோறு கட்டி எங்க கூட்டிட்டுப் போறது?”

“தாயூட்டுக்குத்தான்.”

“எது தாயூடு?”

அம்மா கோணிப் படுதாவைக் காட்டினாள். அப்பா நுகத்தடியை இறக்கி வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏம்புள்ள, ஊட்டைக் காலி பண்ணச் சொல்லீட்டு வருவேன்னு பாத்தா, உள்ள இருந்தவளையும் கொட்டாய்க்கே கூட்டிட்டு வாரயே!”

அந்த வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. கொட்டாய் முன்னால் கல் கூட்டிப் புளிச்சோறு, எலுமிச்சங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்ச் சோறு என்று அம்மா ஆக்கிக் குவித்தாள். பாய் தன் கையால் ஒரு பச்சை ரவிக்கை தைத்துக் கொடுத்தார். பாய் வீட்டம்மா கை நிறைய வளையல் கொண்டுவந்தாள். எல்லாம் முடிந்து அழைத்துப் போகிற நேரம் வந்தது. மூன்றாவது வீட்டு வாசலுக்கும் கொட்டாய்க்கும் நடுவில் ஒரு சுவர். கையைப் பிடித்து நாலு எட்டு நடத்திக் கூட்டிவர வேண்டியதுதான்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “தாயூட்டுக்குப் போற புள்ளை நடந்தா போகும்?” என்று வண்டியைக் கட்டினார். மாடுகளுக்கு மணியையும் பூட்டினார். வாத்தியார் வாயைத் திறந்தார், அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அக்காவை வண்டியில் வைக்கோல் பரப்பி உட்கார வைத்து, அம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம். வண்டி வெளிக்கதவைத் தாண்டி, தெருவைச் சுற்றி, குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாம் பார்க்க, மில் கேட்டு வரைக்கும் ஜல் ஜல்லென்று போய், திரும்பி அதே வெளிக்கதவு வழியாக வந்து கொட்டாய் முன்னால் நின்றது. அக்கா போகும்போது அழுதுகொண்டே போனாள். திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். இறங்கியதும், “அம்மா, தண்ணி குடுங்க” என்றாள். அதுவரைக்கும் அக்கா என்று கூப்பிட்டவள்.

இப்போது மூன்றாவது வீட்டில் மேஸ்திரி ஒண்டி ஆள். கொட்டாயில் நாங்கள் மூன்று பேர், நாலாவதாகப் பிள்ளைத்தாய்ச்சி. மேஸ்திரி கூச்சத்தில் நெளிந்தார். “அத்தை, நீங்க எல்லாரும் அங்க வந்துருங்க. நான் கொட்டாய்ல படுத்துக்கறனுங்க” என்றார். அப்பாவுக்கு ஆசைதான். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். “பொண்ணைக் குடுத்தவங்க மருமகன் ஊட்டுல போயி உக்காந்துக்கறதா? ஊரு சிரிக்காதுங்களா?” அவ்வளவு நாளாக அந்த வீட்டுக்காக உயிரை விட்டவள் பேசுகிற பேச்சா இது! அப்பா தலையிலடித்துக்கொண்டு கோணிப் படுதாவை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், மில் சங்கு ஊதுகிற நேரம், கொட்டுகிற மழையில் அக்காவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள். அப்பாவையும் என்னையும் வண்டிக்கடியில் துரத்திவிட்டார்கள். மேஸ்திரி மில்லிலிருந்து ஓடி வந்து, தலையெல்லாம் பஞ்சும் மழைத்தண்ணீருமாக எங்களோடு வந்து குந்திக்கொண்டார். மாமனும் மருமகனும் கோணிப் படுதாவையே பார்த்திருந்தார்கள். அப்பா மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து குழந்தைச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, வண்டிச் சட்டத்தில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டார்கள்.

பெண் குழந்தை. “பெத்தவளுக்குச் சூடா ஒரு வாய் பால் வேணும், சுருக்காக் காச்சுங்க” என்று மருத்துவச்சி கத்தினாள். பாய் வீட்டிலிருந்து பால் வந்தது. காய்ச்சப் பாத்திரம்? இருந்த பாத்திரமெல்லாம் கூரை ஒழுகுகிற இடங்களில் மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தன. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். கையை நீட்டி விட்டத்திலிருந்த மஞ்சள் மூட்டையைப் பிடித்து இழுத்து, முடிச்சை அவிழ்த்தாள். அவசரத்தில் என்ன செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. வாசலில் கூட்டிய கல் அடுப்பில், மேஸ்திரி கோணியைக் குடையாகப் பிடிக்க, அப்பா ஈர விறகை ஊத, புதுப் போசியில் பால் சூடேறியது. நுரை கட்டி மேலே வந்து, நாலா பக்கமும் பொங்கி வழிந்தது.

“பொங்குது, பொங்குது” என்று அம்மா பழக்கத்தில் சொன்னாள். சொன்னவள் நின்றுவிட்டாள். போசியைப் பார்த்தாள். ஒழுகுகிற கூரையைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, மழையில் நனைந்தபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பாய் வீட்டம்மா கதவிடுக்கில் தலையை நீட்டி, “என்னங்கக்கா, என்ன ஆச்சுங்க?” என்றாள்.

“ஊடு குடி பூந்துட்டமுங்க!” என்று அம்மா கத்தினாள்.

பிள்ளை பிறந்த தீட்டில் காய்ச்சிய பால் குடி புகுந்ததாகக் கணக்கில் சேராது என்று வாத்தியார் நடு வீட்டிலிருந்து சொல்லிப் பார்த்தார். “பொங்கினது பொங்கினதுதானுங்க” என்றாள் அம்மா.

தை பிறந்தது. மேஸ்திரிக்கு மில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு அமைந்துவிட்டது. மூன்றாவது வீட்டைக் கழுவிவிட்டு, வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்து அம்மாவிடம் நீட்டினார். “ஊடு காலிங்க அத்தை. ரொம்ப நாளாக் காக்க வெச்சுட்டேன்.” அப்பா தட்டிலிருந்து சாவியைப் பிடுங்காத குறை.

அம்மா தனியாக உள்ளே போனாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அண்ணாந்து புகைக்கூண்டைப் பார்த்தாள். வெளியே வந்து சாவியை அப்பா கையில் வைத்து, “வாடகைக்கு உட்டுருங்க” என்றாள்.

அப்பா சாவியை அவளிடமே திருப்பி நீட்டினார். “ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்கா? இதுக்குத்தானே இத்தனை நாளு...”

“அடுத்த புள்ளைக்கு எம்பொண்ணு வந்தா எந்த ஊட்டுக்கு வருவா? பொறந்தூடுன்னு வந்து நிக்கறவ, வண்டி நிக்கற கொட்டாயைப் பாத்துட்டு நிப்பாளா? சமையல்கட்டுத்தானே, இங்கயே கட்டிக் குடுங்க.”

அப்பா கட்டிக் கொடுத்தார். கொட்டாய்க்கு நாலாவது சுவர் வந்தது, ஓடு வந்தது, அம்மா சொன்ன பக்கம் பார்த்த அடுப்பும், மூன்றாவது வீட்டில் இருந்ததைவிட ஒரு சாண் உயரமான புகைக்கூண்டும் வந்தன. வண்டி கடைசிவரை வெய்யிலில்தான் நின்றது. அந்த அக்கா அதற்கப்புறமும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து வந்து போனாள். அத்தனை பிள்ளைகளும் கொட்டாயில்தான் பிறந்தன. போசி எங்கே என்று கேட்காதீர்கள். எவர்சில்வர்க்காரன் தெருவில் வந்த காலத்தில், நான் வீட்டில் இல்லாத ஒரு நாளில், யாரோ ஒரு டிபன் கேரியருக்கு மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாவது வீட்டுக்கு எத்தனையோ பேர் குடி வந்தார்கள், போனார்கள். பட்ட பாட்டில் அப்பா உஷாராகிவிட்டார். வீடு கேட்டு வருகிறவர்களிடம் எங்கே வேலை, எத்தனை பேர், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஆயிரம் கேள்வி கேட்பார். வந்தவர்கள் நீட்டுகிற வெற்றிலையைக்கூடத் தொடமாட்டார். அவர் கேட்டு முடிக்கட்டும் என்று அம்மா அடுப்படியிலேயே இருப்பாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆம்பிளையை விட்டுவிட்டு, பின்னால் நிற்கிற பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்பாள்.

“ஏங்கண்ணு, உனக்குப் பொறந்தூடு இருக்குதா?”

இருக்கிறது என்று சொன்னவர்களை, யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பி வைப்பாள். இல்லை என்று தலையைக் குனிந்தவளின் கையில் அப்போதே சாவியைக் கொடுத்துவிடுவாள்.